முண்டுக்கில் தங்க வருபவர்களுக்கு: பாதை, வாடகை, நிலம், ஊர்

பாலித் தீவின் வடபகுதியில், புலெலெங் மாவட்டத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் நீளவாக்கில் அமைந்த ஊர் முண்டுக். முதுகெலும்பு போல ஒரு சாலை, அதன் இருபுறமும் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் கிராம்பு, காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கும் கீழே நெல்வயல்கள். கிராம்பு பறிக்கும் காலத்தில் சாலையோரமெல்லாம் தார்ப்பாய் விரித்து மொட்டுகளைக் காயப்போடுவார்கள். வண்டி ஊருக்குள் நுழையும் முன்பே வாசனை வந்துவிடும்.

பாலி என்றதும் கடற்கரையும் குத்தாவும் உபுதும்தான் நம்மவர்களுக்கு நினைவு வருகின்றன. இங்கே கடற்கரை கிடையாது, கடைத்தெரு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது. இதைப் படித்த பிறகும் வரத் தோன்றுகிறது என்றால் மேலே வாசியுங்கள். சில மாதங்களோ சில ஆண்டுகளோ இங்கே இருந்து பார்க்க நினைப்பவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நிலத்தைப் பற்றிக் கேட்கத்தான் பலர் வருகிறார்கள். நான் அதை ஐந்தாம் படிக்குத் தள்ளியிருக்கிறேன், வேண்டுமென்றே.

முதல் படி: விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்திறங்கியதும் விசா பெறலாம், இணையத்தில் முன்கூட்டியே எடுத்தும் வைக்கலாம். கட்டணம் 5,00,000 ரூபியா. 30 நாள் தங்கலாம், ஒரு முறை மட்டும் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், திரும்பும் பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டினர் ஒவ்வொருவரும் 1,50,000 ரூபியா தனி வரி கட்டுகிறார்கள். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டி, ரசீதை அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 10,00,000 ரூபியா அபராதம். நீட்டிப்புக்கு முண்டுக்கிலிருந்து போக வேண்டிய குடிவரவு அலுவலகம் மாவட்டத் தலைநகரான சிங்கராஜாவில் இருக்கிறது. கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், நடுவில் ஒரு திருவிழா வந்தால் அலுவலகம் மூடியிருக்கும்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கென ஓராண்டு விசா ஒன்று இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 அமெரிக்க டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும், இந்தோனேசியாவுக்குள் யாரிடமும் சம்பளம் வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் வந்து யோகா வகுப்பு எடுப்பது, விடுதியில் சம்பளமில்லாமல் உதவுவது எல்லாம் இங்கே வேலை என்றே கணக்காகும். பிடிபட்டால் நாடு கடத்துவார்கள்.

இரண்டாம் படி: ஊர் வந்து சேர்வது

சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் பாலியின் தலைநகரான தென்பசார் வரலாம். விமான நிலையத்திலிருந்து முண்டுக் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், மூன்று மணி நேரம் ஆகும், தென்பசார் நெரிசலில் மாட்டினால் அதற்கும் மேல். பெடுகுல் ஏறி, சண்டிக்குனிங் காய்கறிச் சந்தையைத் தாண்டி, பஞ்சசாரி வழியே வனகிரி முகட்டுக்கு வந்ததும் சாலை இரண்டாகப் பிரியும். நேரே இறங்கினால் சிங்கராஜா. இடப்பக்கம் திரும்பினால் முண்டுக். அந்தத் திருப்பத்துக்குப் பின் புயான், தம்பிளிங்கான் என்ற இரண்டு ஏரிகளும் இடக்கைப் பக்கம் கீழே தெரியும். அங்கே குரங்குகள் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

ஊருக்குள் வரும் பேருந்து என்று ஒன்றை நம்பிக் கிளம்ப முடியாது. முதல் தடவை ஓட்டுநரோடு ஒரு வண்டியை நாள் வாடகைக்கு எடுங்கள். காலையில் கிளம்பி மதியத்துக்குள் மலையேறிவிடுவது நல்லது. செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி தென்பசாரிலிருந்து ஏற்றிவந்து விட்டுவிடும், திரும்பிப் போக இங்கே கிடைக்காது.

ஸ்கூட்டர் இல்லாமல் இங்கே வாழ்க்கை நகராது. பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்து வாங்கி வாருங்கள். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். கொண்டைஊசி வளைவு, மழை, பனி, காய்ந்த கிராம்பு இலை எல்லாம் ஒரே நேரத்தில் சேரும் சாலை இது. சமவெளியில் இருபது வருடம் ஓட்டியவர்களும் முதல் வாரம் மெதுவாகத்தான் போக வேண்டும்.

மூன்றாம் படி: முதலில் ஓர் அறை

வந்தவுடன் ஆண்டு வாடகைக்கு வீடு பேசாதீர்கள். குடும்பமாக நடத்தும் தங்கும் விடுதியில் ஒரு வாரம், பிறகு மாத வாடகை அறை. இந்த மாத வாடகை அறைக்கு ‘கோஸ்’ என்று பெயர். முண்டுக்கில் கோஸ் குறைவு, வீட்டுக்காரர்களிடம் நேரில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு மழைக்காலத்தை முழுசாகப் பார்த்த பிறகே நீண்டகால முடிவு எதையும் எடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், சரிவுகளில் மண் இறங்கும். மே முதல் செப்டம்பர் வரை வந்து பார்ப்பவருக்கு இந்த ஊர் சொர்க்கமாகத் தெரியும். அவர்தான் அவசரப்பட்டு முன்பணம் கொடுப்பவர்.

அறைக்குள் பார்க்க வேண்டியவை: மின்சாரம் பெரும்பாலும் முன்பணம் கட்டும் முறை. 20 இலக்க எண்ணை வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும், தீரும்போது மீட்டர் கத்தும். தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறதா, யாருடைய குழாய் என்று கேளுங்கள். குடிப்பதற்கு 19 லிட்டர் கேன். பச்சை நிற 3 கிலோ எரிவாயு உருளை ஏழைக் குடும்பங்களுக்கான மானிய உருளை, கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நமக்கு 12 கிலோ. ஊரிலிருந்து கொண்டுவந்த அலைபேசியில் உள்ளூர் சிம் போட்டால், சுற்றுலா சிம் 90 நாள்தான் ஓடும். அதற்குமேல் வேண்டுமென்றால் அலைபேசியைச் சுங்கத்துறையில் பதிய வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இந்து ஊர், ஆகவே சைவம் எளிது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. இங்கே பன்றியும் கோழியும் சடங்குகளிலேயே உண்டு. காய்கறிக் குழம்பிலும் மிளகாய்த் துவையலான சம்பாலிலும் ‘தெராசி’ என்ற இறால் விழுது இருக்கும். "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்: இறைச்சி, மீன், இறால் விழுது இல்லாமல். சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் தெம்பேவும், தோஃபுவும் ‘வாரூங்’ என்ற சிறு சாப்பாட்டுக் கடை எதிலும் கிடைக்கும். காலையில் ஒரே தடவை சமைத்து மூடி வைத்துவிட்டு, பசித்தவர் பசித்தபோது போட்டுச் சாப்பிடுவதுதான் வீடுகளில் வழக்கம். விருந்தாளிக்காகக் காத்திருந்து பரிமாறும் நம் ஊர்ப் பழக்கத்தை எதிர்பார்த்து மனம் சுருங்க வேண்டாம்.

நான்காம் படி: பஞ்சார்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி. வெளியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படியும் இதுவே.

பாலியில் ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகம் இருக்கிறது. ஒன்று அரசாங்க ஊர், அதன் தலைவர் பெர்பெகெல். முகவரிச் சான்று, வரி, அடையாள அட்டை எல்லாம் அவர் அலுவலகத்தில். மற்றொன்று வழக்காற்று ஊர், ‘தேசா ஆதாட்’. கோயில்கள், சுடுகாடு, சடங்குகள், ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் அதன் கையில். அதன் எழுதப்பட்ட சட்டத்துக்கு ‘ஆவிக்-ஆவிக்’ என்று பெயர். ஊருக்குள் இருக்கும் வட்டாரப் பிரிவுதான் பஞ்சார், அதன் தலைவர் கெலியான். முண்டுக் அடங்கிய வட்டத்தின் பெயரும் பஞ்சார்தான், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பஞ்சாரின் வேலையை ‘சுக்கா-துக்கா’ என்ற சொல்லால் சொல்கிறார்கள். சுகதுக்கம். முதன்முதலில் காதில் விழுந்தபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கல்யாணம், பல்லை அரம் வைத்துச் சமன்செய்யும் சடங்கு, கூரை போடுவது, சாவு, எரியூட்டு என்று ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்குப் பஞ்சார் முழுவதும் வந்து நிற்கும். வராதவர்களுக்கு அபராதம் உண்டு. தொடர்ந்து வராதவர் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது, அதைவிடப் பெரிய தண்டனை இங்கே கிடையாது.

2019-இல் வந்த மாகாணச் சட்டம் ஊரில் இருப்பவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஊரின் பதிவு பெற்ற உறுப்பினர்கள் கிராமா. உறுப்பினராகாமல் பதிவு மட்டும் செய்துகொண்டு வாழும் பாலி இந்துக்கள் கிராமா தாமியூ. மற்ற எல்லோரும் தாமியூ, அதாவது விருந்தினர். நீங்களும் நானும் தாமியூ. நாம் இந்துவாக இருப்பதால் இந்த வரிசையில் மேலே ஏறிவிட மாட்டோம். சில நம்மவர்கள் இதில் மனம் நொந்துபோகிறார்கள், அது தேவையில்லாத வருத்தம். பரம்பரைக் கோயிலும் அதற்கான உழைப்புக் கடமையும் இருப்பவருக்குத்தான் அந்த உறுப்பினர் இடம்.

ஆகவே வந்து இரண்டொரு நாளில், வீட்டுக்காரரோடு, கடவுச்சீட்டு நகலை எடுத்துக்கொண்டு கெலியான் வீட்டுக்குப் போங்கள். மாலை நேரம் நல்லது. வெறுங்கையோடு போகாமல் காப்பித்தூள், சர்க்கரை, பழம் ஏதாவது கொண்டுபோங்கள். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை, செய்துவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் குடும்பங்களுக்கு ஊர்ச் சந்தா இருந்தால் எவ்வளவு, யாரிடம் கொடுப்பது, ரசீது உண்டா என்பதை அன்றே தெளிவாக்கிக்கொள்ளலாம். நீண்டகால அனுமதி அட்டையான ‘கித்தாஸ்’ பெற்றவர்கள் மாவட்டக் குடிமைப் பதிவகத்திலும் தனியாகப் பதிய வேண்டும்.

பெரியவர்களை ‘பாக்’, ‘பூ’ என்று அழையுங்கள், அப்பா, அம்மா என்பதன் சுருக்கம். பெயர்கள் பிறந்த வரிசைப்படி வருவன: வயான், மாதே, நியோமான், கெத்துட். ஒரே தெருவில் ஏழெட்டு மாதே இருப்பார்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம், பத்திரம் எழுதும்போது தலைவலியாகும். அதனால்தான் எந்தக் காகிதத்திலும் பெயரை விட அடையாள அட்டையின் 16 இலக்க எண்ணைப் பாருங்கள் என்கிறேன்.

கோயிலுக்குள் போக இடுப்புத் துணியும் கச்சையும் வேண்டும். தீட்டு உள்ளவர்கள் போகக் கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. வாசலில், படிக்கட்டில், ஸ்கூட்டரின் மேல் வைத்திருக்கும் ஓலைத்தட்டுப் படையலை மிதிக்காமல் நடங்கள். குடைந்த மரத்தாலான ‘குல்குல்’ விடாமல் ஒலித்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். சாவு என்றால் அரிசியோ பணமோ எடுத்துக்கொண்டு போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், யாரும் வரச்சொல்லி அழைக்க மாட்டார்கள்.

ஞெப்பி நாளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சக ஆண்டுக் கணக்கின் புத்தாண்டு, பெரும்பாலும் மார்ச் மாதம். காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 வரை விளக்கு இல்லை, வண்டி இல்லை, வெளியே நடமாட்டம் இல்லை, விமான நிலையமே மூடியிருக்கும். அலைபேசி இணையமும் நிறுத்தப்படும். வழக்காற்றுக் காவலர்களான ‘பெச்சாலாங்’ மட்டும் தெருவில் சுற்றுவார்கள். முதல் நாளே அரிசி, மருந்து வாங்கி வைத்துவிட்டு வீட்டோடு இருங்கள். மலையூரில் அந்த இருட்டில் தெரியும் நட்சத்திரங்களைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: நிலம்

இப்போது நிலம். முதலில் அளவு. இங்கே பேச்செல்லாம் ‘ஆரே’ கணக்கில். ஓர் ஆரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். குத்தகை என்றால் ‘ஆரேக்கு, ஆண்டுக்கு இவ்வளவு’ என்று சொல்வார்கள். 5 ஆரே, 25 ஆண்டு என்றால் சொன்ன தொகையை 125-ஆல் பெருக்க வேண்டும், அந்த மொத்தத்தையும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கேட்பார்கள்.

சட்டம் தெளிவானது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது ‘ஹக் மிலிக்’, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். "என் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்" என்று அன்பாகச் சொல்பவர்கள் வருவார்கள். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு அந்த ஏற்பாட்டையே செல்லாததாக்குகிறது: நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு நீங்கள் யார்?

நேர்வழிகள் மூன்று. முதலாவது குத்தகை. இரண்டாவது ‘ஹக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை: தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் வீட்டுக்காக, 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என்று நீட்டிக்கலாம். ஆனால் அதற்கு மாகாணந்தோறும் குறைந்தபட்ச வீட்டு விலை நிர்ணயித்திருக்கிறார்கள், முண்டுக் வீடு அதை எட்டாது. மூன்றாவது வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்குவது. 10 பில்லியன் ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் வேண்டும், ஆகவே ஒரு குடும்பம் குடியிருக்க அது வழியல்ல. குத்தகைதான் நமக்கு.

குத்தகைக்கு ஒரு துண்டு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் ‘நோட்டாரிஸ்’ என்ற சட்ட அலுவலரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய.

மூலச் சான்றிதழைக் கேளுங்கள். நில அலுவலகத்தின் ‘சென்தூ தானாஹ்கூ’ செயலியில் தொடக்கச் சோதனை செய்யலாம், முழுச் சோதனை நோட்டாரிஸ் வழியாக. வரிக் காகிதத்தைக் காட்டி ‘இதுவே போதும்’ என்றால் போதாது. தீர்வை ரசீது பட்டா ஆகாது என்பது இங்கும் உண்மை. ‘பிப்பில்’ என்ற பழைய நிலவரி ஓலை, காகிதங்களைப் பதிந்து சான்றிதழாக மாற்ற 2021-ஆம் ஆண்டு விதி ஐந்தாண்டு தவணை தந்தது, அது 2026 பிப்ரவரியோடு முடிந்தது. சான்றிதழ் இல்லாத நிலத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து, இது தனிநிலமா, ஊர்நிலமா? வழக்காற்று ஊருக்குச் சொந்தமான நிலத்தில் குடியிருப்பவர் கோயிலுக்கு உழைக்கக் கடமைப்பட்டவர், அந்த நிலத்தை வெளியாளுக்கு அவர் இஷ்டப்படி கொடுக்க முடியாது. கெலியானைத்தான் கேட்க வேண்டும். நான்காம் படியைச் செய்யாமல் தாண்டிவந்தவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்: அவரை யாருக்கும் தெரியாது, அவருக்கு யாரும் உண்மையை எடுத்துச் சொல்லவும் மாட்டார்கள்.

வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், உரிமையாளரின் மனைவியும். அண்ணன் சுமத்ராவில் இருக்கிறார், பரவாயில்லை என்றால் அவர் வரும்வரை காத்திருங்கள்.

எல்லையை நடந்து பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களை வைத்துக்கொண்டு. சாலையிலிருந்து உள்ளே போகும் பாதை யாருடையது? நான் ஒரு சரிவு நிலத்தில் மனதைப் பறிகொடுத்து முன்பணம் வரை போனேன். கீழே வயல், தூரத்தில் கடல், மேலே கிராம்பு நிழல். பாதை மட்டும் பக்கத்துத் தோட்டத்தின் வழியே போனது, அதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. அங்கே காப்பி பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான், "மகன் வந்தால் வேலி போடுவான்" என்று சொன்னார். அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நெல்வயல் என்றால் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட மண்டலம், கட்டடம் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது ‘சுபாக்’ என்ற பாசன சபை. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபாக ஏற்றுக்கொண்ட முறை அது. மேலே ஒருவர் வீட்டுக்காகக் கால்வாயை மறித்தால் கீழே பல குடும்பங்களின் நாற்று வாடும். ஆற்றங்கரை, பள்ளத்தாக்கு விளிம்பு, கோயில் சுற்றுவட்டம் ஆகியவற்றுக்கும் விலக்கு தூரங்கள் உண்டு. மண்டலச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். கட்டட அனுமதிக்கு 2021 முதல் ‘பே-பே-கே’ என்று பெயர், பழைய பெயரைச் சொல்லி அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மரங்களை மறக்காதீர்கள். குத்தகை நிலத்தில் நிற்கும் கிராம்பு யாருக்கு? விளையும் ஆண்டில் ஒரு மரத்தின் மொட்டு ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம். அறுவடையை உரிமையாளருக்கே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை, பறிக்க வர வழியும் நாளும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும், 2009-ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் அதைக் கோருகிறது. பக்கத்திலேயே உங்களுக்குப் புரியும் மொழியில் பெயர்ப்பு வையுங்கள். நோட்டாரிஸ் முன் கையெழுத்திடுங்கள். 10,000 ரூபியா முத்திரைவில்லை ஒட்டிய சாதாரணக் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். நீட்டிப்பு விலை எப்படிக் கணக்கிடப்படும், 10 விழுக்காடு வாடகை வரியை யார் கட்டுவது, நீங்கள் இறந்தால் உங்கள் வாரிசுக்குத் தொடருமா, கட்டிய வீடு முடிவில் யாருக்கு என்ற நான்கும் எழுத்தில் வர வேண்டும். உரிமையாளர் நிலத்தை விற்றாலும் குத்தகை முறியாது என்பது குடிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: உடம்பு

பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ பூனையோ கடித்தால், கீறினால்கூட, 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு வருவது இன்னும் நல்லது. சிறு நோய்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம், ‘புஸ்கெஸ்மாஸ்’. பெரிய விஷயம் என்றால் சிங்கராஜா மருத்துவமனை, அதற்கும் மேல் தென்பசார். இரவில் மலை இறங்க யார் வண்டி தருவார் என்று வந்த முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூட்டர் விபத்து சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: சுற்றிப் பார்ப்பது

மெலந்திங் அருவிக்கும் முண்டுக் அருவிக்கும் காலையில் போங்கள், படிகள் எப்போதும் ஈரம். லோவினா கடற்கரை ஒரு மணி நேரத்துக்குள். சந்தைக்கு சண்டிக்குனிங் அல்லது கீழே செரிரிட்.

தம்பிளிங்கான் ஏரிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முண்டுக், கோப்லெக், கெசிங், உமெஜெரோ ஆகிய நான்கு ஊர்களுக்கும் அந்த ஏரியும் அதைச் சுற்றிய காடும் பொதுவான வழிபாட்டிடம். காட்டை ‘ஆலாஸ் மெர்த்தாஜாதி’ என்கிறார்கள், அந்த மெர்த்தா நம் அமிர்தம்தான். கீழே ஊர்களின் ஊற்றுகளுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்பதால், காட்டின் பொறுப்பு தங்களிடம் வர வேண்டும் என்று நீண்டகாலம் போராடியவர்கள் இவர்கள். ஏரியில் இயந்திரப் படகு கிடையாது, மரத்தைக் குடைந்த இரட்டைத் தோணிதான். காட்டுக்குள் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள், கிளையை ஒடிக்காதீர்கள், எதையும் எடுத்துவராதீர்கள். சடங்கு நாட்களில் பாதை மூடியிருக்கலாம். முந்தின மாலை வாரூங்கில் காப்பி குடிக்கும்போது கேட்டால் போதும், நாளைக்குப் போகலாமா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.